இலைக்கு எதிரே ஒரு நோட்டு!

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்குப் போனவர்கள் இரண்டு காட்சிகளை மறக்க மாட்டார்கள். ஒன்று, மலை உச்சியில் எரியும் தீபம். மற்றொன்று, வழியெல்லாம் நடக்கும் அன்னதானம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஓரிடத்தில் பொங்கல் கொடுக்கிறார்கள். சற்றுத் தள்ளிப் புளியோதரை. அதற்கும் அப்பால் தயிர்ச்சாதம். வாங்கிச் சாப்பிடுகிறவர் எந்த ஊர், என்ன பேர் என்று யாரும் கேட்பதில்லை. காசும் கேட்பதில்லை.

சோறு போட்டால் புண்ணியம் வரும். இது திருவண்ணாமலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சோறு போட்டால் பணம் வருமா?

வரும்! ஊருக்கு ஒரு பள்ளிக்கூடக் கட்டிடம், நூல் நிலையம், விளையாட்டுச் சங்கம் என்று பொதுக் காரியத்துக்கு விருந்து வைத்து நிதி திரட்டலாம். ஆனால் அதற்கு நல்ல சமையல்காரர் மட்டும் போதாது. நல்ல கணக்குப்பிள்ளையும் வேண்டும்.

பலூன் கடையும் ஒலிம்பிக்கும்

திருவிழாவில் பலூன் கடையைப் பார்க்காதவர் உண்டா? பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். பையன் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. “டப்” என்று ஒரு பலூன் வெடித்தால் அவனுக்கு ஒரே குதூகலம்! “இன்னொரு தடவை, அப்பா!” என்கிறான். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். “போதும், வாடா” என்கிறார். அதோடு அவன் விளையாட்டு முடிந்தது.

அந்தக் காற்றுத் துப்பாக்கி விளையாட்டு ஒலிம்பிக் பந்தயத்திலும் இருக்கிறது. குறி 10 மீட்டர் தூரத்தில், அதாவது சுமார் 33 அடியில் இருக்கும். குறி அட்டையின் நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலந்தான். கடுகைவிடச் சிறியது! தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். மூச்சு சற்றுப் பிசகினாலும் குறி தப்பிவிடும்.

இதில் பேர் வாங்கியவர்களில் நம் பக்கத்துக்காரர்களும் உண்டு. சென்னையில் பிறந்த ககன் நரங், 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். 1999-ல் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிசிலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். ஆனால் அவர் வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் குஜராத்தில்!

குறி பார்க்கும் கண் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இருக்கலாம். பயிற்சிக் கூடம் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. பந்தயத் துப்பாக்கியின் விலை லட்சக் கணக்கில் போகிறது. ஈயக் குண்டு, குறி அட்டை, தடுப்புச் சுவர், பயிற்சியாளர் சம்பளம் என்று செலவுக்குக் கணக்கே இல்லை. ஒரு தகப்பனாரால் இது முடியாது. பத்துப் பேர் கூடிச் சங்கம் வைத்தால் முடியும். சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

அங்கேதான் விருந்து வருகிறது.

புதுக்கோட்டைச் சீமை வழக்கம்

சோறு போட்டுப் பணம் திரட்டுவதைப் பெரிய கலையாகவே வளர்த்தவர்கள் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்து மக்கள். கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் பிறந்தால் போதும். எங்கே பார்த்தாலும் “மொய் விருந்து” பேச்சுதான்!

ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபங்கள் சும்மா இருக்கும். அந்த நேரம் பார்த்து விருந்தை வைக்கிறார்கள். ஒருவர் தனியாக வைப்பதும் உண்டு. பலர் கூட்டாக வைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் கொடுக்கிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவியவர் நேரே மொய் எழுதும் இடத்துக்குப் போகிறார். விருந்து வைத்த ஒவ்வொருவர் பேருக்கும் தனி நோட்டு. எழுதுவதற்குத் தனி ஆள். பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரமே வந்துவிட்டது!

இது தானம் அல்ல. கடன்! வட்டி இல்லாத கடன்.

ஒருவர் 1,000 ரூபாய் மொய் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் விருந்து வைக்கும்போது இவர் அந்த 1,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். மேலே 500 சேர்த்து வைத்தால், அந்த 500 புது மொய். அது நாளை இவருக்குத் திரும்பி வரும். பத்திரம் இல்லை. ஜாமீன் இல்லை. நோட்டில் எழுதிய ஒரு வரிதான் சாட்சி.

இந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு. பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. கடை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. வந்த மொய்யைத் தாம்தூம் என்று செலவு செய்துவிட்டுத் திருப்ப முடியாமல் தலை குனிந்தவர்களும் உண்டு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அழித்தது. மரம் சாய்ந்தது. வருமானம் போனது. நோட்டில் எழுதிய கடன் மட்டும் அப்படியே நின்றது!

மொய் திருப்பாத கடன்

இந்த வழக்கத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்ப முடியுமா? முடியும் என்று திண்டுக்கல் காட்டியது.

2024 ஜூலை 30-ந் தேதி கேரளத்தில் வயநாட்டில் மலை சரிந்து ஏராளமானோர் மாண்டார்கள். சில நாட்களில் திண்டுக்கல்லில் ஓர் உணவு விடுதியில் மொய் விருந்து நடந்தது. சாப்பிட்டவர்கள் தங்களால் முடிந்த தொகையை மொய்யாகப் போட்டார்கள். பணம் நிவாரணத்துக்கு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டு மொய் திரும்பி வரும். பொது மொய் திரும்பி வராது. போட்டவருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். “நம்ம காசு நல்ல காரியத்துக்குப் போச்சு” என்கிற திருப்தி. அந்தத் திருப்தியைக் கொடுக்க வேண்டியது சங்கத்தின் கடமை. எதைக் கொண்டு கொடுப்பது? கணக்கைக் கொண்டுதான்!

அமெரிக்காவில் நடப்பது

துப்பாக்கி விளையாட்டுக்கு விருந்து வைப்பது அமெரிக்காவில் சாதாரணம். அங்கே நேஷனல் ரைபிள் அசோசியேஷன் என்ற பெரிய சங்கம் 1871-ல் தோன்றியது. 1992 முதல் அதன் ஆதரவாளர்கள் ஊர் ஊராக விருந்து நடத்தி வருகிறார்கள். உள்ளூர்த் தொண்டர்கள் கமிட்டி அமைக்கிறார்கள். சாப்பாட்டுக்கு டிக்கெட் விற்கிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஏலம், பரிசுச் சீட்டு என்று அமர்க்களப்படுகிறது. இளைஞர் பயிற்சிக்கும் சுடுகளங்களுக்கும் அந்தப் பணம் போகிறது.

அந்தச் சங்கத்துக்கே ஒரு சோதனை வந்தது. அதன் தலைமையில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் வெயின் லாபியர். சங்கத்தின் பணத்தை முறைகேடாகச் செலவிட்டார் என்று வழக்கு வந்தது. 2024-ல் நியூயார்க் நகரில் ஜூரிகள் அவர் மீது தீர்ப்புச் சொன்னார்கள். 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார்கள்!

ஊரூராக இலை போட்டவர்கள் மேல் குற்றம் இல்லை. விருந்துப் பணத்தைப் பற்றிய வழக்கும் அல்ல அது. ஆனால் தலைமையில் கணக்குத் தவறினால் கெட்ட பேர் எல்லோருக்குந்தான்.

அமெரிக்க வழி அப்படியே இங்கே ஒத்து வராது. பரிசுச் சீட்டு விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. துப்பாக்கியை ஏலம் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே நம் வழி மொய் வழிதான்.

திருவண்ணாமலையில் வைத்தால்?

திருவண்ணாமலை போன்ற கோயில் ஊரில் ஒரு விளையாட்டுச் சங்கம் இப்படி விருந்து வைக்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று வைக்கக் கூடாது. ஊர் முழுவதும் கூட்டம். வண்டி நகராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைக்கும்.

இரண்டாவது, சாப்பாடு. கோயில் ஊரில் சைவ விருந்தே நல்லது. எல்லோரும் கூச்சமில்லாமல் ஒரே பந்தியில் உட்காரலாம்.

மூன்றாவது, சங்கத்தை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. பணம் சங்கத்தின் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். காரியதரிசியின் சட்டைப் பைக்குப் போகக் கூடாது! சங்கம் வருமான வரிச் சலுகை பெற்றிருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. பெரிய தொகையை வங்கி மூலம் வாங்குவதே முறை.

நான்காவதுதான் முக்கியம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

300 பேருக்குச் சமையல் என்று வைத்துக்கொள்ளலாம். இலைக்கு 150 ரூபாய் வீதம் 45,000 ரூபாய். மண்டபத்துக்கு 20,000. அழைப்பிதழ், தண்ணீர், கூலி 10,000. மொத்தச் செலவு 75,000 ரூபாய். வந்தவர்கள் சராசரியாக 350 ரூபாய் மொய் வைத்தால் 1,05,000 வரும். சங்கத்துக்கு மிச்சம் 30,000.

மழை வந்து 200 பேர்தான் வந்தார்கள் என்றால்? வரவு 70,000. கையிலிருந்து 5,000 போய்விட்டது! சோறு மீந்தது, கடன்தான் மிச்சம்.

இதற்கு ஒரு வழி உண்டு. விருந்துக்கு முன்பே பொருளாக வாங்கிவிடுவது. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, அரிசிக்குப் பேர் போன ஊர். ஓர் அரிசி ஆலைக்காரர் மூட்டை கொடுக்கலாம். மளிகைக்காரர் பருப்பும் எண்ணெயும் கொடுக்கலாம். அப்படிச் சாப்பாட்டுச் செலவில் 25,000 ரூபாய் குறைந்தால், மொத்தச் செலவு 50,000-ல் முடியும். 200 பேர் வந்தாலும் 20,000 மிச்சம். மழை பெய்தாலும் பயமில்லை!

ஐந்தாவது, சுவரில் ஒட்டும் காகிதம். விருந்து முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஊர் பார்க்க ஒட்டிவிட வேண்டும். மிச்சத்தில் என்ன வாங்கினார்கள் என்பதையும் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் அது புரிய வேண்டும். “நான் வச்ச நூறு ரூபா இதிலே இருக்கு” என்று அவள் விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டினால், அடுத்த வருஷம் அழைப்பிதழ் போகுமுன்னே ஆள் வந்துவிடும். காட்டாவிட்டால் நெய் ஊற்றிப் பரிமாறினாலும் பந்தி காலியாகத்தான் இருக்கும்.

அன்னதானத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொடுத்தது கடவுளுக்கு. பொது மொய்யில் கணக்குப் பார்த்தே தீர வேண்டும். கொடுத்தது ஊருக்கு. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கணக்குச் சரியாக இருந்தால், பலூன் கடையில் “போதும், வாடா” என்று கையைப் பிடித்து இழுத்த அப்பா, அடுத்த வருஷம் அதே பையனைச் சங்கத்தின் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்.