மாரடைப்பு வந்தவர் தேறுவாரா? டாக்டர்கள் கணக்கு போடுவது எப்படி?

சேலம்:-

மாரடைப்பு வந்தவரை ஐ.சி.யு.வில் சேர்த்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிழைச்சுக்குவாரா டாக்டர்?" என்பதுதான். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, பார்க்கலாம்" என்று பதில் வரும். இது தட்டிக்கழிக்கும் பேச்சு அல்ல. டாக்டர்கள் அப்போதே ஒரு கணக்கு போட ஆரம்பித்திருப்பார்கள்.

நுரையீரலில் நீர்

அமெரிக்க டாக்டர்கள் கில்லிப், கிம்பால் இருவரும் 250 நோயாளிகளை கவனித்து 1967-ம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டனர். ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலில் நீர் கோத்துள்ளதா என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம். நீர் கோக்காதவர்களில் 100-க்கு 6 பேர் இறந்தனர். ரத்த அழுத்தம் சரிந்து உடல் சில்லிட்டுப் போனவர்களில் 81 பேர் இறந்தனர். இன்று சிகிச்சை முன்னேறி சாவு குறைந்துவிட்டது. ஆனாலும் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அறிய இந்த முறை இன்னும் கைகொடுக்கிறது.

14 மார்க்

2000-ம் ஆண்டு மார்க் போடும் முறை வந்தது. வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. மொத்தம் 14. இது பள்ளிக்கூட பரீட்சை மாதிரி இல்லை. மார்க் கூடக்கூட ஆபத்தும் கூடும். சிகிச்சை தொடங்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அதற்கும் ஒரு மார்க் ஏறும்.

வயதை யாராலும் குறைக்க முடியாது. தாமதத்தை குறைக்கலாம். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டுபவராக இருந்தாலும், பட்டறையில் தறி ஓட்டுபவராக இருந்தாலும், நெஞ்சு வலித்தால் "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு படுத்துவிடக்கூடாது. இதய தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டு அனுபவம்

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய ஆஸ்பத்திரிகளை பெரிய ஆஸ்பத்திரிகளுடன் இணைத்து 2,420 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. முதலில் ரத்தக்கட்டியை கரைக்கும் ஊசி, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ என்று சிகிச்சையை சீராக்கினர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாக குறைந்தனர்.

2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகள் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

'பம்பிங்' எவ்வளவு?

அடுத்து எக்கோ. "பம்பிங் 55 சதவீதம்தான்" என்றதும் வீட்டில் அழுகிறார்கள். பயப்பட வேண்டாம். நல்ல இதயமே 55 முதல் 70 சதவீதம்தான் பம்ப் செய்யும். யாருக்கும் 100 கிடையாது. 40-க்கு கீழே போனால்தான் கூடுதல் கவனம் தேவை.

அதுவும் கடைசி தீர்ப்பு அல்ல. அடிபட்டு மரத்துப்போன தசை சில வாரங்களில் விழித்துக்கொள்வது உண்டு. எனவே சுமார் 40 நாள் கழித்து மீண்டும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். கனமான வேலைக்கு எப்போது போகலாம், லாரி ஓட்டலாமா என்பதை அதற்குப் பிறகு டாக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

"உடம்பு தேறிடுச்சு" என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறுத்தினால் அதிலேயே மீண்டும் அடைப்பு வரலாம். பீடி, சிகரெட்டை அடியோடு விட வேண்டும். மறுபடி வலி வந்தால் காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.