சொந்த விமானத்தில் பறக்க ஆசையா? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்!

"கார் வாங்கியாச்சு. அடுத்தது ஏரோப்ளேன்தான்!" என்று டீக்கடையில் கேலி பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேலி கிடக்கட்டும். ஒருவர் மெய்யாகவே சொந்தமாகச் சின்ன விமானம் வாங்கிப் பறக்க முடியுமா?

முடியும். சட்டம் தடுக்கவில்லை. பணம்தான் தடுக்கிறது. பணம் இருந்தாலும் பாடு இருக்கிறது!

நாலு பேர் உட்காரும் "செஸ்னா 172" விமானம் இதில் பேர்போனது. ஒற்றை எஞ்சின். மூக்கில் காற்றாடி. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம். மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான். வைகை எக்ஸ்பிரசில் போனால் ஏழு மணி நேரத்துக்கு மேல்!

பெரிய விமானம் கண் மூடித் திறப்பதற்குள் மேகத்துக்கு மேலே போய்விடும். சின்ன விமானம் அப்படி அல்ல. மூவாயிரம் அடியில் நிதானமாகப் போகும். யானைமலை படுத்த யானையாகவே தெரியும். மேற்கே நாகமலை வளைந்து நெளிந்து ஓடும். மழை பெய்த வருடமானால் கண்மாய்கள் எல்லாம் வெள்ளித் தட்டு பரப்பியது போல மின்னும். நாலு கோபுரமும் கைக்குள் அடங்கும். விமான நிலையத்தின் பக்கத்திலேயே திருப்பரங்குன்றத்துப் பாறை. வேறென்ன வேண்டும்?

ஆனால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். நம்ம ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடும். விமானம் மேலே எழும்பக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். மத்தியானம் பறந்தால் மாட்டு வண்டியில் போனது போலக் குலுக்கி எடுக்கும். ஆடி மாதக் காற்றைக் கேட்கவே வேண்டாம். அம்மியே பறக்கும் காற்று!

விலை என்ன?

புது விமானம் 4 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் 3 கோடி ரூபாய்க்குக் குறையாது. பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் பழையதை வாங்கியவர் மெக்கானிக்கிடம் கொட்டி அழ வேண்டும்.

ஓட்டத் தெரிய வேண்டுமே! 17 வயது நிறைந்திருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழக வேண்டும். பரீட்சைகளும் உண்டு. ரேடியோவில் பேசத் தனி லைசென்சு. கிளம்பும் முன் எங்கே போகிறோம், எப்படிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். "சும்மா அழகர்கோவில் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப முடியாது.

இன்னொன்று. சொந்த லைசென்சு வைத்திருப்பவர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சவாரி ஏற்றக் கூடாது. போட்ட காசை எடுக்கலாம் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

எரிபொருளும் தொல்லைதான். மணிக்கு 30 முதல் 35 லிட்டர் குடிக்கும். பெரிய விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் ஜாதி. அதை இதில் ஊற்றினால் எஞ்சின் காலி! இதற்கென்று தனிப் பெட்ரோல் உண்டு. அது வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் கம்பெனி உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது.

பறந்தாலும் செலவு, பறக்காவிட்டாலும் செலவு. நிறுத்தும் இடத்துக்கு வாடகை, இன்சூரன்சு, 100 மணி நேரத்துக்கு ஒரு சோதனை. 2,000 மணி நேரம் ஓடியதும் எஞ்சினைப் பிரித்து மேய வேண்டும். லைசென்சு உள்ள எஞ்சினியர் கையெழுத்துப் போடாமல் சக்கரம் நகராது.

இத்தனைக்கும் துணிந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1929-ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்சை வாங்கியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அதன் பொன்விழாவுக்கு 1982-ல் அதே பாதையில் மறுபடியும் பறந்தார். அப்போது வயது 78!

நம்ம பக்கத்து ஆள்!

பம்பாய் எதற்கு? காரைக்குடி பக்கம் கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் டாக்டர் அழகப்பச் செட்டியார். எம்.ஏ. முடித்துச் சீமைக்குப் போனார். பாரிஸ்டர் ஆனார். படிப்பு ஒரு பக்கம் இருக்க, லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழும் வாங்கினார். செட்டிநாட்டில் மாட்டு வண்டி ஓடிய காலம் அது!

ஆசை அதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பியவர் மில், வியாபாரம் என்று சம்பாதித்தார். உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த டக்கோட்டா விமானங்கள் விலைக்கு வந்தன. அழகப்பர் வாங்கினார். "ஜூபிடர் ஏர்வேஸ்" என்று கம்பெனியே தொடங்கினார். ஆனால் அது நிலைக்கவில்லை. இரண்டொரு வருடத்திலேயே மூடும்படி ஆயிற்று. 1953-ல் மற்ற விமானக் கம்பெனிகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

விமானம் போனால் போகட்டும் என்று மனிதர் முடங்கிவிடவில்லை. அதே சமயத்தில்தான் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி திறந்தார். மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார் அழகப்பர். 1957-ல் காலமானார். 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

சீமையில் விமானம் ஓட்டிய அந்த மனிதரின் ஊர், மதுரையிலிருந்து செஸ்னாவில் அரை மணிக்கும் குறைவான தூரம். அவர் கட்டிய கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இன்றைக்கும் பஸ்சில்தான் போகிறார்கள்.