ஒகேனக்கல் அருவி

ஒகேனக்கல் அருவி தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், தமிழ்நாடு–கர்நாடக எல்லையில், காவிரி ஆற்றில் அமைந்துள்ளது. தருமபுரி நகரிலிருந்து சுமார் 46 கி.மீ. தொலைவில் உள்ளது. அருவிக் குளியல், பரிசல் பயணம், எண்ணெய் மசாஜ், மீன் சாப்பாடு ஆகிய நான்கும் இவ்வூரின் அடையாளங்கள். இவற்றை நாடிச் சுற்றுலாப் பயணிகள் ஆண்டு முழுவதும் வருகின்றனர். ஆனால் எந்த நாளில் எதை அனுபவிக்க முடியும் என்பதைக் காவிரியின் அன்றைய நீர்வரத்தே முடிவு செய்கிறது.

பெயரும் அமைப்பும்

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்லு' என்றால் கல். பாறைகளில் மோதிச் சிதறும் நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால் இப்பெயர் ஏற்பட்டது. குடகில் பிறக்கும் காவிரி, மலைகளுக்கும் காடுகளுக்கும் இடையே ஓடி இங்கு வருகிறது. இவ்விடத்தில் ஆறு ஒரே அருவியாக விழுவதில்லை. பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, பல அருவிகளாக விழுந்து, பின் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே குறுகிய வழியில் ஒன்றுசேர்ந்து மேட்டூர் அணையை நோக்கிச் செல்கிறது. ஐந்தருவி, சினி அருவி, மெயின் அருவி என்பன இங்கு வழங்கும் பெயர்கள். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் பாடல் காட்சியும் இங்கு படமாக்கப்பட்டது.

பரிசல்

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படும் கூடை போன்ற படகு. முற்காலத்தில் அதன் அடிப்புறத்தைத் தோலால் மூடினர். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பயன்படுகின்றன. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். பாறையில் உரசினாலும் வழுக்கிச் செல்லும். எடை குறைவு என்பதால், பாறைகள் குறுக்கிடும் இடங்களில் பரிசலோட்டி அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து சென்றுவிடலாம். பாறைகள் நிறைந்த இந்த ஆற்றுக்கு நீண்ட படகைவிடப் பரிசல் பொருந்துவதற்கு இவையே காரணங்கள்.

ஒரே துடுப்பால் பரிசல் செலுத்தப்படுகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு இல்லாததால் அது எளிதில் சுழலும். நேராகச் செலுத்துவதில்தான் ஓட்டுபவரின் திறமை இருக்கிறது.

எண்ணெய்க் குளியலும் மீனும்

குளிப்பதற்கு முன் உடல் முழுவதும் எண்ணெய் தேய்த்துவிடும் மசாஜ் தொழிலாளர்கள் அருவிக்கு அருகில் உள்ளனர். ஆற்று மீன் விற்பனையும் மீன் வறுவல் கடைகளும் ஏராளம். பயணிகள் மீனை வாங்கிக் கொடுத்தால், குழம்பும் வறுவலுமாகச் சோற்றுடன் சமைத்துத் தரும் பெண்கள் பலர் இங்கு இருக்கின்றனர். குளித்துத் திரும்புவதற்குள் சாப்பாடு தயாராகிவிடும்.

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை நாள்களில் காவிரியில் நீராடவும் முன்னோருக்குத் திதி கொடுக்கவும் சுற்றுவட்டார மக்கள் திரளாக வருவது வழக்கம்.

நீர்வரத்தும் தடையும்

ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இயங்குகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, இயல்பான மழை பெய்யும் ஆண்டில் கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. நீர் இங்குதான் அளக்கப்படுகிறது. நாளிதழ்களில் நாள்தோறும் வரும் 'கன அடி' என்ற எண், ஒரு நொடியில் வரும் நீரின் அளவைக் குறிக்கும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், எனவே 10,000 கன அடி என்பது நொடிக்குச் சுமார் 2.83 லட்சம் லிட்டர்.

தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து உபரிநீர் திறக்கப்படுகிறது. அப்போது ஒகேனக்கல்லில் மழையே இல்லாவிட்டாலும் ஆறு பெருகும். 2018, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் நீர்வரத்து 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. இத்தகைய நாள்களில் அருவிகள் அடையாளம் தெரியாதபடி மூழ்குவதும் உண்டு. குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. கோடையில் இதற்கு மாறாக நீர் குறைந்து பாறைகள் வெளியே தெரிகின்றன.

தடை நாள்களில் பயணிகளுக்குப் போவது ஒரு குளியல் மட்டுமே. பரிசலோட்டி, மசாஜ் தொழிலாளி, மீன் விற்பவர், சமைத்துத் தருபவர் ஆகியோருக்கோ அன்றைய வருமானமே நின்றுபோகிறது. ஆற்றில் நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களே.

குடிநீர்த் திட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டல். அளவு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேறிய இத்திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே, பயணிகள் குளித்து மகிழும் இதே ஆறு இரு மாவட்ட மக்களின் குடிநீராகவும் இருக்கிறது. சோப்பு, ஷாம்பு பாக்கெட்டுகள், நெகிழிப் பைகள் ஆகியவற்றை ஆற்றில் விடாதிருப்பது அதனால் மேலும் முக்கியமாகிறது.

பயணிகள் கவனத்துக்கு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகப் பேருந்தில் செல்லலாம். அருகிலுள்ள பெரிய தொடர்வண்டி நிலையம் தருமபுரி. புறப்படும் முன் அன்றைய நீர்வரத்தையும் தடை அறிவிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. பரிசலில் உயிர்காப்பு உடை அணிய வேண்டும். நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. பாசி படிந்த பாறைகள் வழுக்கும். நீருக்குள் சுழல்களும் பள்ளங்களும் உண்டு. குளிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் ஆற்றில் இறங்காமல் இருப்பதே பாதுகாப்பு.