சொல்லாத கதையும் பிள்ளைகளைச் சேரும்

1983 ஆடிக் கலவரத்தின்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த நாட்களைக் கண்டதில்லை. ஆயினும் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் அந்தப் பிள்ளைகளிடமும் அதே பயத்தைக் காண்கிறோம். இது எப்படி வந்தது?

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் பொரளை கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்முறை கொழும்பெங்கும் பரவியது. தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற இடங்களில் தஞ்சம் புகுந்த பலர் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர்.

"பழசைக் கிளறி என்ன பயன்?" என்று பல தாய்மார் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதனால் வந்த பழக்கங்கள் நிற்கவில்லை. வெளியே போகும்போது பொட்டை அழிப்பது, "பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதையாதே" என்று அதட்டுவது, பிறப்புச் சான்றிதழ்களை எப்போதும் ஒரே பையில் கட்டி வைப்பது. காரணம் தெரியாத பிள்ளை, தமிழராகப் பிறந்ததே பிழை என்று எண்ணிக்கொள்கிறது. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டபோது, அந்தப் பயம் மேலும் உறுதியாயிற்று.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹிட்லரின் வதைமுகாம்களில் உயிர் தப்பிய யூதரின் பிள்ளைகளிடம், முகாமையே காணாதவர்களிடமும், அதன் பாதிப்பு இருப்பதை 1966இல் கனடாவில் உளமருத்துவர் விவியன் ராக்கொஃப் எடுத்துக்காட்டினார். மனவடு தனியாளோடு நில்லாமல் குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்கும் என்பதை நம் நாட்டு உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் விளக்கியுள்ளார். 2009இன் போரைக் கடந்து வந்த வன்னிச் சகோதரிகளின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

எனவே பிள்ளையின் வயதுக்கேற்ப, அது கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். எரித்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்கள, முஸ்லிம் அயலவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். 1983க்காக 2004இல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் சொல்லுங்கள். பிழை நம்மிடத்தில் இல்லை என்பதைப் பிள்ளை அறியட்டும்.

உங்களால் பேச இயலாவிட்டால் அது குற்றமல்ல. அம்மம்மாவோ சித்தியோ பேசட்டும். நித்திரையின்மையும் பயமும் தொடர்ந்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடத் தயங்காதீர்கள்.