தகவல் துளி: மழை மறந்த எண்ணெய் நகரம் தாலாரா

பெரு நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிறது தாலாரா என்ற சிறு துறைமுக நகரம். பெட்ரோலியக் கிணறுகளும் சுத்திகரிப்பு ஆலையும்தான் இதன் அடையாளம். தென் அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடியான பரின்யாஸ் முனை இதன் அருகிலேயே உள்ளது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஐந்து டிகிரிக்குள் இருக்கும் இடம். அடர்ந்த காடு இருக்கும் என்று நினைப்போம். ஆனால் இங்கே பாலைவனம்தான்! தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டமே காரணம். அது கடலை ஒட்டிய காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று மேலெழும்பாது. மேலெழும்பாத காற்றில் மழைமேகம் திரளாது. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் மழை என்பதே அபூர்வம். தெற்கிலிருந்து கடற்காற்று மட்டும் ஓயாமல் வீசும்.

எல் நினோ என்ற காலநிலை நிகழ்வு வந்தால் நிலைமை தலைகீழ். கடல் வெப்பமடைந்து பெருமழை கொட்டும். 1983, 1998, 2017 ஆகிய ஆண்டுகளில் இப்பகுதி வெள்ளத்தில் தத்தளித்தது. வறண்ட ஓடைகளில் காட்டாறு பாய்ந்தது. சில வாரங்களில் மணல்வெளி பசும்புல் போர்த்தியது.



ஓரிடத்தின் மழையைத் தீர்மானிப்பதில் வானத்துக்கு இணையான பங்கு கடலுக்கும் உண்டு என்பதற்குத் தாலாராவே சாட்சி.