மைனா வந்தாள், காகம் வந்தான்

எங்கள் ஊருக்கு இரண்டு பெயர்கள். தேவாரம் பாடிய பெயர் திருமுதுகுன்றம். பேருந்துப் பலகையில் இருக்கும் பெயர் விருத்தாசலம். முதுமை விருத்தம் ஆனது, குன்று அசலம் ஆனது. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பொருளைச் சிந்தாமல் தூக்கிச் சென்ற பெயர் இது. பறவைகளின் பெயர்கள் எல்லா நேரமும் இப்படிப் போவதில்லை. வகுப்பறையில் அதைக் கவனிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

செராமிக் தொழிற்பேட்டையும் ரயில் சந்திப்பும் உள்ள ஊர் என்பதால், பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வருபவர்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் அவ்வப்போது சேர்வதுண்டு. என் நான்காம் வகுப்பில் மத்தியப் பிரதேசத்துச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் சேர்ந்து இரண்டு மாதம் வரை வாய் திறக்கவே இல்லை. பறவைகள் பாடத்துக்காகக் கடைவீதியில் சில பீங்கான் பொம்மைகள் வாங்கி வந்திருந்தேன். மயில் பொம்மையைத் தூக்கிக் காட்டியதும் அவளாகவே "மோர்" என்றாள். "டீச்சர், அவ மோர் கேக்குறா!" என்று வகுப்பே சிரித்தது. இந்தியில் மயிலுக்கு மோர் என்று பெயர். அதைச் சொன்னதும் சிரிப்பு நின்று, "கிளிக்கு என்ன? காக்காவுக்கு என்ன?" என்று அவளைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. கிளி தோத்தா, காகம் கௌவா, புறா கபூதர், சிட்டுக்குருவி கௌரையா என்று அவள் சொல்லச் சொல்ல, இவர்கள் தமிழில் சொன்னார்கள்.

"இந்தி கற்றுக்கொடுக்கிறீர்களா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இல்லை. ஒரு குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவளைத் தமிழுக்குள் அழைத்து வருகிற வேலைதான் இது.

சில பெயர்களை ஒலியே கொடுத்துவிடுகிறது. குயிலுக்குக் கோயல், காக்கைக்குக் கௌவா. இவற்றைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வேறு சில, செய்யும் தொழிலால் வந்தவை. மரங்கொத்திக்குக் கட்ஃபோட்வா, அதாவது மரத்தைப் பிளப்பது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்குத் தர்ஜின், அதாவது தையல்காரி. தேன்சிட்டை அங்கே ஷகர்கோரா என்கிறார்கள். சர்க்கரை தின்பது என்று பொருள். நமக்குத் தேன், அவர்களுக்குச் சர்க்கரை. கண்ட காட்சி ஒன்றுதான்.

பாடத்தில் சுவை கூடுவது பெயர்கள் விலகும் இடத்தில்தான். ஏரிக்கரையில் நாம் நடந்தால் கத்திக்கொண்டே எழும்பும் ஆள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் நமக்கு அது ஆள்காட்டி. இந்திக்காரர்கள் அந்தக் கத்தலையே பெயராக்கி டிடஹரி என்றார்கள். பனங்காடைக்கு அங்கே நீல்கண்ட், நீலக் கழுத்து என்று பெயர். விஜயதசமி அன்று அதைப் பார்த்தால் நல்லது என்ற நம்பிக்கை வடக்கில் உண்டு. உண்மையில் அதன் கழுத்து நீலமல்ல. பறக்கும்போது விரியும் சிறகில்தான் அந்த நீலம். நம் பெயரும் சரியென்று சொல்ல முடியாது. பனைமரத்தோடு சேர்த்துப் பார்த்தது பொருத்தம்தான், ஆனால் அது காடை இனமே அல்ல.

மடையானைப் பற்றிச் சொன்னபோது எனக்கே வியப்பாக இருந்தது. வயலோரம் அசையாமல் நிற்கும் இந்தப் பழுப்புக் கொக்கை நம் பக்கத்தில் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். இந்தியில் அந்தா பகுலா. அதற்கும் குருட்டுக்கொக்கு என்றே பொருள். ஆள் மிக அருகில் போகும் வரை அது பறக்காது. கண் தெரியவில்லை போலும் என்று இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியே நினைத்திருக்க வேண்டும். உண்மையில் அதன் நிறம் சேற்றோடு கலந்துவிடுவதால், அசையாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

ஆனால் வெள்ளைக் கொக்கின் அதே நிலையை இரு மொழிகளும் வேறு வேறாக மதிப்பிடுகின்றன. நமக்குக் கொக்கு பொறுமையின் அடையாளம். திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தில் காலம் பார்த்துக் காத்திருப்பதற்கு உவமையாக வருவது கொக்குதான். இந்தியிலோ பகுலா பகத் என்றால் போலிப் பக்தன். கண்மூடித் தவம் செய்வதுபோல் நின்று மீனைக் கொத்துகிறதே! தமிழில் அந்த வேடத்தை ருத்ராட்சப் பூனைக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி, ஆசிரியர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்று. பெயர்களைக் கற்ற வேகத்தில் அந்தச் சிறுமி வாக்கியம் அமைக்கத் தொடங்கினாள். "காகம் வந்தான்" என்றாள். "மைனா வந்தாள்" என்றாள். மற்ற பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். பல வகுப்புகளில் இதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். உண்மையில் அவள் இலக்கணத்தை மிகச் சரியாகப் பின்பற்றுகிறாள். அது அவள் தாய்மொழியின் இலக்கணம்.

இந்தியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். கௌவா, மோர், தோத்தா, கபூதர், பகுலா, ஆந்தையைக் குறிக்கும் உல்லூ ஆகியவை ஆண்பால். மைனா, கோயல், கௌரையா, பருந்தைக் குறிக்கும் சீல் ஆகியவை பெண்பால். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். எதிரில் நிற்பது எந்தப் பால் என்பது பொருட்டே இல்லை. கழுத்தில் கறுப்புத் திட்டுள்ள ஆண் சிட்டைக் காட்டினாலும் கௌரையா வந்தாள்தான். கூவுவது கரிய ஆண் குயில் என்றாலும், இந்தியில் கோயல் கூவுகிறாள்தான்.

தமிழ் வேறு வழியில் போகிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டுமானால் தனிச்சொல் இருக்கிறது, வினையில் வராது. சேவல் வந்தது, பெட்டை வந்தது. தொல்காப்பிய மரபியல் இதில் எவ்வளவு நுட்பம் பார்க்கிறது தெரியுமா? சேவல் என்ற ஆண்பெயர் சிறகுள்ளவற்றுக்கெல்லாம் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது என்று விலக்கு வைக்கிறது.

நான் செய்தது எளிய வேலை. கரும்பலகையில் அவன், அவள், அது என மூன்று கட்டம் போட்டேன். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை முதல் இரண்டில் எழுதச் சொன்னேன். பறவைப் படங்களை எல்லாம் மூன்றாவதில் ஒட்டச் சொன்னேன். அவளுடைய மைனாவும் கௌவாவும் ஒரே கட்டத்துக்குப் போனதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வாரத்தில் "மைனா வந்தது" வந்துவிட்டது. இன்னொரு பயனும் கிடைத்தது. திணை வேறுபாட்டைப் பிறந்ததிலிருந்து பேசிவரும் நம் பிள்ளைகள், அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கவனித்தார்கள்.

முயன்று பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உல்லூ என்பது இந்தியில் முட்டாள் என்ற வசவும்கூட. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படி அழைக்கத் தொடங்கும்போது நீங்கள் விழிக்க வேண்டியிருக்காது. ஆந்தை முழி என்று நாம் சொல்வதை நினைவுபடுத்தினால் கணக்கு நேராகிவிடும். பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், புத்தகத்தைவிடக் குழந்தையின் தாயைக் கேட்பது நல்லது.

படத்தில் உள்ளதும் மரத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவியை வடக்கில் சாத் பாய், ஏழு அண்ணன் தம்பிகள் என்பார்கள். ஆங்கிலத்தில் ஏழு சகோதரிகள். நாம் உறவு எதுவும் பார்க்காமல் தவிட்டின் நிறத்தைப் பார்த்தோம். பள்ளி வேப்பமரத்தடியில் குதித்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டி, இதுதானே சாத் பாய் என்று அவளைக் கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தலை வெள்ளை" என்று தமிழில் சொன்னாள். அவள் சொன்னது சரி. நம் சமவெளியில் மிகுதியாகத் தென்படும் வெளிறிய தலை கொண்ட இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. அவள் ஊரில் சாத் பாய் என்று அழைக்கப்படுவது அதன் நெருங்கிய உறவு.