தீனிக்கு எது, படுக்கைக்கு எது, குழிக்கு எது?



ஒன்றோ இரண்டோ கறவை மாடு வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு வைக்கோல்தான் ஆண்டு முழுதுக்கும் கைமுதல். அது போருக்குள்ளேயே கெட்டுப் போனால் பங்குனி, சித்திரையில் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும். மழைக்காலத்தில் மாடு ஈரத் தரையில் படுத்தால் மடிநோய் கண்டு ஒரு காம்பே பால் அற்றுப் போகலாம். இந்த இரண்டு நஷ்டத்தையும் களத்து மேட்டிலேயே பாதி தடுத்துவிடலாம். வந்த வைக்கோலை எல்லாம் ஒரே போராகப் போடாமல், தீனிக்கு எது, படுக்கைக்கு எது, எருக்குழிக்கு எது என்று அங்கேயே பிரித்துவிட வேண்டும்.

சம்பா, தாளடி வைக்கோலுக்கு அவ்வளவு கவலை இல்லை. தை, மாசி வெயிலில் நன்றாகக் காய்ந்துவிடும். தொல்லை கொடுப்பது குறுவை வைக்கோல்தான். புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கிறோம். அறுத்த மறுநாளே மழை பிடித்துக்கொள்ளும். "போரில் கிடந்தால் தானே உலர்ந்துவிடும்" என்று சிலர் ஈரத்தோடு ஏற்றிவிடுகிறார்கள். உலராதுங்க. உள்ளே பூசணம் பெருகிச் சூடு கிளம்பும். போருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்க. வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கே பிரித்துக் கொட்டி உலர்த்தணும். பச்சை மாறாத புல்லை அடுக்கிய போர், சூடு ஏறித் தானே தீப்பிடித்துக்கொள்வதும் உண்டு.

ஏற்றலாமா, கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பிடியை எடுத்துப் பிரி திரிப்பது போல முறுக்குங்க. சரசரவென்று சத்தம் வரணும். கணுவை நகத்தால் கீறினால் ஈரம் கசியக் கூடாது. நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் நிற்கக் கூடாது என்பது கணக்கு.

இப்போது பல ஊர்களில் இயந்திர அறுவடை. வைக்கோலைக் கட்டுக் கட்டுவதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. வண்டிக்காரர் வந்துவிட்டாரே என்று பனி ஈரத்தோடு காலையிலேயே கட்டச் சொல்லாதீங்க. இறுக்கிக் கட்டின கட்டுக்குள் காற்றுப் புகாது. வெளியே மஞ்சளாக இருக்கும். பிரித்தால் நடுவெல்லாம் கறுப்பு. ஒரு தடவை புரட்டிவிட்டு, நல்ல வெயில் கண்டு, உச்சிக்குப் பிறகு கட்டினால் தப்பும்.

போர் போடும் இடம் மேடாக இருக்கட்டும். அடியில் கல்லும் மரக்கட்டையும் அடுக்கி அதன் மேல் ஏற்றுங்க. உச்சியைக் கூம்பாக முடித்தால் மழைநீர் வழிந்துவிடும். வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்டத்தில் இருப்பது நல்லது.

வேலிமசால், தட்டைப்பயறு, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றைக் காயவைத்துச் சேமிப்பவர்கள் பூ எடுக்கும் பருவத்திலேயே அறுத்துவிடணும். முற்றவிட்டால் எடை கூடும், சத்துக் குறையும். பயறு வகையில் சத்தெல்லாம் இலையில்தான் இருக்கிறது. மொறுமொறுவென்று காய்ந்த பகலில் புரட்டினால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். காலையில் இலை துவளும்போதே புரட்டிவிடுங்க.

சரி, நனைந்த வைக்கோலை என்ன செய்வது? நனைந்து, நிறம் மங்கி, ஆனால் பூசணம் பிடிக்காமல் மறுபடி காய்ந்துவிட்டதா, அது படுக்கைக்கு. கறுத்துப் பூசணம் பூத்ததா, அது நேரே எருக்குழிக்கு. "பசித்தால் தின்னும்" என்று அதைத் தொட்டியில் போடாதீங்க. கழிச்சல் காணும், சினைமாட்டுக்குக் கரு கலையவும் இடம் உண்டு. பஞ்சாப் பக்கத்தில் பூசண வைக்கோல் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காதும் கறுத்து உலர்ந்து விழுகிறது. அங்கே ஓடும் ஓர் ஓடையின் பெயரை வைத்து 'டெக்னாலா' என்றே அந்த நோயைச் சொல்கிறார்கள். பூசண வைக்கோலைப் படுக்கையாகப் போட்டாலும் மாடு அதைக் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படுக்கைக்கு ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 3 கிலோ கூளம் போதும். கூளம் பற்றாவிட்டால் உமி, கடலைத் தோல், கரும்புச் சோகை, காய்ந்த சருகு எதுவும் ஆகும். காலையில் ஈரமானதை மட்டும் வாரி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிது பரப்புங்க. படுக்கை போதுமா என்று பார்க்க ஒரு சுலப வழி: அதன் மேல் முழங்காலை ஊன்றி உட்காருங்க. வேட்டி நனைந்தால் மாட்டின் மடியும் நனையும். இன்னொன்று, பால் கறந்த பிறகு காம்பின் துளை மூட அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை மாட்டைப் படுக்கவிடக் கூடாது. கறந்ததும் தீனியைப் போட்டால் அது நின்று தின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் மரத்தூளை ஓர் அடிக்கு மேல் நிரப்பித் தினமும் இரு வேளை இயந்திரத்தால் கிளறி, கொட்டகைக்குள்ளேயே எரு ஆக்குகிறார்கள். அதற்கு நிறைய இடமும் வறண்ட காற்றும் வேணும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், இரண்டு மாட்டுக் கொட்டகையில், அது சேறாகிவிடும் என்பதே என் எண்ணம். தினம் வாரிக் குழியில் போடுவதே நமக்குச் சரி.

அப்படி வாரின கூளத்தை லேசாக நினைக்காதீங்க. மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய இருக்கிறது. வெறுந்தரையில் அது ஓடிப் போகும். கூளம் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து வகுத்த கம்போஸ்ட் முறைக்கு மாட்டின் அடியில் கிடந்த இந்தக் கூளம்தான் ஆதாரம்.

குழி 3 அடி ஆழம் போதும். கூளம், சாணக் கரைசல், கொஞ்சம் மண் என்று மாற்றி மாற்றிப் போடுங்க. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் சரி. சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினால் தழைச்சத்து ஆவியாகப் போவது குறையும். சுண்ணாம்பை மட்டும் சேர்க்காதீங்க. அது அந்தச் சத்தைக் கிளப்பி விரட்டிவிடும். கொட்டகைக்குச் சுண்ணாம்பு தெளிப்பதானால் கூளத்தை வாரிய வெறுந்தரையில் தெளிக்கலாம். குழியைச் சுற்றி வரப்புக் கட்டி, மேலே ஓலை போட்டு மழைநீரைத் தடுக்கணும்.

இரண்டு வாரத்தில் ஒரு தடவை, அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு தடவை, இரண்டாம் மாதம் ஒரு தடவை கிளறிவிடுங்க. ஐப்பசியில் நிரப்பிய குழி மாசிக்குள் எருவாகிவிடும். கோடை உழவுக்கு வண்டியில் ஏற்றி அடிக்கலாம். வயலில் குட்டான் குட்டானாகக் கொட்டி வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கவிடாமல், இறைத்த அன்றைக்கே உழுது மூடிவிடுங்க.